சறோஜாவின் வியாழன் பின்னேரம்

பலேர்மோ
13 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி சறோஜாவுக்கு, அண்ணா வலன்ரைன் எழுதிக்கொள்வது.

மாதாவின் தயவால் நானும் உன் மச்சாள் அற்புதமலரும் சுகம். அவளுக்கு முழங்காலில் மட்டும் நோ. நோ தனக்கு, முனகல் எனக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள், நம்பாதே. ரொறொன்ரோக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

"போனிலை நீங்கள் என்னைக் கதைக்க விடமாட்டியள், எழுதுங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டாய். அதனால் ஐம்பத்தாறு வயதில் ஒற்றை விரலால் கைபேசியைக் குத்திக் கடிதம் எழுதப் பழகுகிறேன். இன்று வியாழன், எனக்கு அரைநாள் லீவு. இங்கே இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. நான் பராமரிக்கிற கிழவி, எங்கள் சிஞ்ஞோரா அம்மா, உயிரை விட்டாலும் விடுவா, ஆனால் அதை வியாழன் பின்னேரம் விடமாட்டா. அவ்வளவு மரியாதை.

இப்போது முறைப்பாட்டுக்கு வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் துசானி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். உனக்கு அவளைத் தெரியாது. எங்கள் பங்குக் கோயிலில் இன்னும் ஒலிபெருக்கி வாங்காமல் இருப்பது அவளை நம்பித்தான். "அண்ணை, சொல்லவே இல்லை! உங்கடை தங்கச்சி ஜூனிலை இஞ்சை வாறாவாமே? கட்டமரான் படகு எடுத்துத் தீவெல்லாம் சுத்தப் போறாவாமே?" அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ரொறொன்ரோவில் இருக்கிறாளாம். நான் என்ன செய்ய? "ஓமோம், அது எப்பவோ தெரியும்" என்று பல்லைக் காட்டினேன். பொய் சொன்ன வாயோடு திரும்பக் கோயிலுக்குள்ளே போனேன்.

சொந்த அண்ணனுக்குத் தெரிய முதல் துசானிக்குத் தெரிகிறது. இது எந்த ஊர் நியாயம்? உடனே எழுது.

கோபத்தோடும் ஜெபத்தோடும்,
அண்ணா


ரொறொன்ரோ
2 ஏப்ரல் 2025

அன்பின் அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

கடிதம் கண்டேன். நான் சுகம். மச்சாளின் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்தால் நல்லது. நீங்கள் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

துசானி சொன்னது உண்மைதான். ஜூன் 21, சனிக்கிழமை பலேர்மோவில் ஏறி, எயோலியத் தீவுகளைச் சுற்றி, மற்றச் சனிக்கிழமை திரும்புகிறோம். நிரோசினி, விதுரன், அவர்களின் இரட்டைப் பிள்ளைகள், நான். அவர்களுடைய சினேகிதர் இரண்டு சோடியும் வருகிறார்கள். நிரோசினி பல் டொக்டர். பதிவு எல்லாம் அவள்தான் செய்தாள். எனக்கே கடைசியில்தான் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம்.

பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

உங்கள் நலத்தை வேண்டும்,
சறோஜா


பலேர்மோ
10 ஏப்ரல் 2025

என் அருமைத் தங்கச்சி,

நாங்கள் சுகம், சுகம், மூன்றாம் தரமும் சுகம். ஒத்தடம் பிடித்தேன். தண்ணீர் கொஞ்சம் கூடச் சுட்டுவிட்டது. அற்புதமலர் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை, வீடு அமைதி.

உன் பாலர் பள்ளிப் பிள்ளைகள் மத்தியான நித்திரையால் எழும்பிக் கடிதத்தைக் கெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, அதிபர் என்றால் அப்படித்தான். பல் டொக்டர்மாரோடு சினேகிதம், தீவு, கட்டமரான்! எங்கள் வீட்டில் ஒருவர் இப்படி வந்ததை நினைக்க எனக்கே என்னைப் பிடித்துப்போகிறது.

துறைமுகத்துக்குப் போய் அந்தக் கட்டமரான்களைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை வள்ளத்துக்கு நடுவில் ஒரு வீட்டைத் தூக்கி வைத்தது போல நிற்கிறது. முன்னால் படுத்துக் கிடக்க வலை. உள்ளே நாலு அறை, நாலு கக்கூசு. என் வீட்டில் ஒன்று, அதிலும் ஓகஸ்டில் தண்ணீர் வராது. காவல்காரன் என்னைப் பார்த்து, துப்புரவு வேலைக்கா வந்தாய் என்று கேட்டான். இல்லை, என் தங்கச்சி இதில் ஏறப் போகிறா என்றேன். "சரி சரி, விளக்குமாறு அந்தப் பக்கம்" என்றான்.

சறோஜா, விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். நான் பலேர்மோவுக்கு வந்து இருபத்தேழு வருடம். இந்த வீட்டுக்கு எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வந்ததில்லை. வருவதெல்லாம் அற்புதமலரின் பக்கம். அவளுடைய தம்பி, தம்பியின் மச்சான், மச்சானின் சினேகிதன். நீ வந்து என் வாசலில் கால் வைத்து, என் மேசையில் ஒரு நேரம் சாப்பிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. டொக்டர் ஆட்களையும் கூட்டி வா.

கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நான் சொல்லாவிட்டால் துசானி சொல்லியிருப்பாள்.

மகிழ்ச்சியில் தூக்கமில்லாத,
அண்ணா


பலேர்மோ
8 மே 2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று துசானியின் அக்கா மூலம் அறிகிறேன். அண்ணனுக்கு அறிவிக்க உனக்கு ஐந்து கிழமையாக ஒரு விரல் கிடைக்கவில்லை.

சுவருக்குப் பூச்சு அடித்தாயிற்று. வாசலுக்குப் புது மிதியடி. மிதிக்கிறவள் வருகிறாளா இல்லையா?

அண்ணா


ரொறொன்ரோ
19 மே 2025

அன்பின் அண்ணா,

நீங்களும் மச்சாளும் நலமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். எனக்கு இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, மற்றப்படி சுகம்.

வீட்டுக்கு வர இயலாது அண்ணா. சனிக்கிழமை விமானத்தால் இறங்கி நேரே படகுக்கு. ஞாயிறு விடியப் புறப்படும். திரும்பி வந்த காலையே விமானம். நடுவில் நேரமில்லை. நீங்கள் துறைமுகத்துக்கும் வர வேண்டாம், நல்ல வெயிலாக இருக்கும்.

இரண்டு விஷயம் அறிந்து சொல்லுங்கள். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கான பால் அங்கே கடைகளில் கிடைக்குமா? மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடலில் தலை சுற்றினால் என்ன கொடுப்பார்கள்?

கோபிக்க வேண்டாம்.

சறோஜா


பலேர்மோ
22 மே 2025

மாண்புமிகு சறோஜா அவர்களுக்கு,

பால் கிடைக்கும். மருந்துக் கடையில் கேட்டேன், பிள்ளைகளுக்கான சொட்டு மருந்து ஒன்று இருக்கிறதாம். உங்கள் இடுப்புக்கு எண்ணெய் தடவவும். நலம் விசாரிப்பு முடிந்தது.

துறைமுகத்துக்கும் வர வேண்டாமா! பலேர்மோத் துறைமுகம் என்ன உன் டொக்டருடைய வரவேற்பறையா? நாப்போலிக் கப்பலும் சார்டீனியாக் கப்பலும் அங்கேதான் வருகின்றன, என்னைக் கேட்டா வருகின்றன? நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், மின்தூக்கி இல்லை, கீழே மீன் கடை மணக்கும். அது டொக்டர் ஆட்களின் மூக்குக்கு ஆகாது என்று நேரே எழுதலாமே? மீன் மணத்துக்குள் பிறந்து வளர்ந்த பேசாலைக் கடற்கரைப் பிள்ளைக்கு இப்போது வெயிலும் ஆகாது, அண்ணனும் ஆகாது!

அற்புதமலரின் பக்கம் என்ன சொல்கிறது தெரியுமா? "அத்தானின்ரை தங்கச்சி தண்ணியாலை வந்து தண்ணியாலையே போறாவாம்" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பானையை ஓங்கி வைத்தேன். பானை நெளிந்துவிட்டது. அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

நீ வரவில்லை என்று கோயிலில் சொல்ல மாட்டேன். அந்த வெட்கத்தை நீயே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
வெயிலில் நிற்கத் தகுதியுள்ள உன் அண்ணன்


பலேர்மோ
22 ஜூன் 2025, ஞாயிறு

சறோஜா,

என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஏன் என்று நேற்றுப் பார்த்தேன்.

துறைமுகத்துக்கு வர வேண்டாம் என்றாய். வரவில்லை, அந்தப் பக்கம் நடந்து போனேன். வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, தலையில் பெரிய தொப்பி. ஒரு நாய் மட்டும் சந்தேகப்பட்டது.

இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் இரண்டு பை, கையில் மற்றப் பிள்ளையின் கை. வெறுங்காலோடு படகின் ஏறுபலகையில் ஏறினாய், இறங்கினாய், மறுபடி ஏறினாய். உள்ளே ஒரு வெள்ளைத் தொப்பிக்காரி, உன் டொக்டர்தான் போல, கையில் கிளாசோடு இருந்து கேட்கிறாள்: "அன்ரி, இவையின்ரை பால் போத்தல் எங்கை? அன்ரி, படுக்கையள் விரிச்சாச்சோ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. வெயில்தான்.

யாரிடம் மறைத்தாய், சறோஜா? கிழவிகளைக் குளிப்பாட்டி, கோப்பை கழுவி, சிஞ்ஞோராவின் நாய்க்கு நகம் வெட்டிப் பிழைக்கிற என்னிடமா? உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'பிள்ளைகளோடு வேலை' என்றுதான் எழுதியிருக்கிறாய். அதற்குப் பள்ளிக்கூடம் கட்டி, உன்னை அதிபராக்கி, பலேர்மோ முழுக்கப் பறை தட்டியவன் நான். அந்த மடைத்தனத்துக்கு நான் தனியாக வெட்கப்பட்டுக்கொள்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. உனக்கு லீவு எப்போது?

அண்ணா


லிபாரித் தீவு
24 ஜூன் 2025

அன்பின் அண்ணா,

நான் சுகம். சின்னவனுக்கு நேற்று வாந்தி, இன்று பரவாயில்லை.

தொப்பிக்குக் கீழே உங்கள் நடை தெரிந்தது. கூப்பிட்டால் அழுகை வரும், பிள்ளைகள் பயந்துவிடும் என்று கூப்பிடவில்லை.

லீவு என்று ஒன்று இல்லை. ஞாயிறு பூசைக்குப் போவேன், பிள்ளைகளையும் கொண்டு. நிரோசினி கெட்டவள் இல்லை அண்ணா. ஏச மாட்டாள். 'அன்ரி எங்கடை வீட்டு ஆள்' என்று எல்லாருக்கும் சொல்வாள். வீட்டு ஆளுக்கு எங்கே லீவு?

காற்று மாறுகிறதாம். வியாழன் மத்தியானம் செஃபலூத் துறைமுகத்தில் படகைக் கட்டுவோம் என்று எங்கள் படகோட்டி, கப்பித்தான், சொன்னார். உங்களுக்கு ரெயிலில் ஒரு மணித்தியாலம் என்று தெரியும். வந்து பாருங்கள், ஆனால் சண்டை பிடிக்க வேண்டாம். என் கனடா நிரந்தர வதிவிட அலுவலுக்கு அவர்கள்தான் எழுதித் தர வேண்டும். அது முடியும் வரைக்கும் நான் வாய் திறக்க முடியாது. எனக்காக நீங்களும் திறக்காதீர்கள்.

அடுப்பில் சோறு.

சறோஜா


பலேர்மோ
27 ஜூன் 2025

என் தங்கச்சி சறோஜாவுக்கு,

நான் சுகமில்லை. இன்னும் தரை ஆடுகிறது. அற்புதமலர் சுகம், சிரித்துச் சிரித்து முழங்கால் நோவே போய்விட்டதாம்.

நேற்று நீ கேட்டாய், "அவவிட்டை என்ன சொன்னனீங்கள்?" என்று. ரெயில் போய்விடும் என்று உன்னையும் மச்சாளையும் துரத்தினேன். இப்போது எழுதுகிறேன், கேள்.

நானும் மச்சாளும் செஃபலூவில் இறங்கி வந்தபோது நீ மணலில் பிள்ளைகளோடு நின்றாய். நான் மீன் ரோல்ஸ் தட்டோடு நேரே படகுக்குப் போனேன். "வணக்கம் டொக்டர் பிள்ளை, நான் சறோஜாவின்ரை அண்ணன்."

"அட, அங்கிள்! அன்ரி சொல்லவே இல்லை. ஏறுங்கோ, ஏறுங்கோ. சப்பாத்தை மட்டும் கழட்டிவிடுங்கோ."

கழற்றினேன். காலுறையில் ஓட்டை. முழுப் பேச்சுவார்த்தையையும் ஒரு காலால் மற்றக் காலின் பெருவிரலை மூடிக்கொண்டு நடத்தினேன் என்பதை மனதில் வை.

"தங்கச்சியை ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு போகலாமெண்டு வந்தன் பிள்ளை."

"ஐயோ அங்கிள், அன்ரி இல்லாட்டி இதுகள் ஒரு வாய் சாப்பிடாதுகள். அதோடை அன்ரியும் எங்களோடை ஹொலிடேக்குத்தானே வந்திருக்கிறா! கடலைப் பாருங்கோ, வெயிலைப் பாருங்கோ. அவ நல்லா என்ஜோய் பண்ணுறா."

நான் கரையைப் பார்த்தேன். நீ ஒரு பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் ஓடின மற்றப் பிள்ளையைக் காற்சட்டையில் பிடித்து இழுத்து என்ஜோய் பண்ணிக்கொண்டிருந்தாய்.

என் வாய்க்குள் வந்ததை எழுதினால் இந்தக் கைபேசி உருகும். உன் வதிவிடப் பேப்பரை நினைத்தேன். விழுங்கினேன். சிரித்தேன். "ஓம் பிள்ளை, நல்ல ஹொலிடே. ஆனா இண்டைக்கு வியாழன்."

"வியாழனெண்டால்?"

"இந்த நாட்டிலை வீட்டிலை வேலை செய்யிற ஆக்களுக்கு வியாழன் பின்னேரம் லீவு. நான் சொல்லேல்லை, நாடு சொல்லுது."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அன்ரி வேலைக்காரி இல்லை அங்கிள்! எங்கடை வீட்டு ஆள்!"

"அதைத்தான் பிள்ளை நானும் கேக்கிறன். வீட்டு ஆளெண்டால், தன்ரை அண்ணன்ரை வீட்டை போறதுக்கு ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. வேலையாளெண்டால், வியாழன் லீவு. ரெண்டிலை எதெண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் அதுக்கேத்த மாதிரிக் கூட்டிக்கொண்டு போறன்."

சினேகிதச் சோடிகள் கிளாசுக்குள் எதையோ தேடினார்கள். கனடாவில் இருந்து வந்தவளுக்கு இத்தாலி வியாழன் செல்லுமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. நல்ல காலம், அவளுக்கும் தெரியாது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த கப்பித்தான் என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னேன். அவன் நெஞ்சில் கை வைத்து, "வியாழனா? வியாழனில் வேலைக்காரிக்கு லீவு, என் அம்மாவே சமைப்பா! போகட்டும், சிஞ்ஞோரா!" என்றான்.

அதற்குப் பிறகுதான் விதுரன் கைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தினான். "அப்ப பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"நான்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

உன் இரண்டு பிள்ளைகளும் பிள்ளைகளல்ல. ஒன்று கடிக்கும், மற்றது அதைப் பார்த்துச் சிரிக்கும். முன்னால் வலையில் படுத்து ஆடுவோம் என்று கூட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். கீழே இருந்து அலை வந்து என்னை மட்டும் தேடி அடித்தது. பிறகு, இதை ஊரில் யாருக்கும் சொல்லாதே, பேசாலையில் பிறந்த நான், துறைமுகத்தில் கயிற்றால் கட்டி நின்ற படகில் வாந்தி எடுத்தேன். சின்னவன் என் முதுகைத் தடவி, "சொட்டு மருந்து குடி மாமா" என்றான். அதன் பிறகு ஆறு பேர் குடித்த கிளாசுகளைக் கழுவினேன். என் லீவில், சறோஜா! என் வியாழனில்!

ஆனால் எனக்கு எரிகிறது அதுவல்ல. மார்ச்சில் இருந்து நான் கத்தியது எதற்காக? என் வாசலில் நின்று உன்னை 'வா' என்று சொல்ல. நீ என் வீட்டில் இருந்தாய், நான் உன் இடத்தில் இருந்தேன். அற்புதமலரைக் கேட்டால், "வந்தா, சாப்பிட்டா, போனா" என்கிறாள். மூன்று சொல்! ஒத்தடத்துக்குப் பழி வாங்குகிறாள். நீ எழுது. எந்தக் கதிரையில் இருந்தாய், முதலில் எதைத் தொட்டாய், துசானி என்ன கேட்டாள், எல்லாவற்றையும் எழுது.

தரை ஆட ஆட,
அண்ணா


ரொறொன்ரோ
10 ஜூலை 2025, வியாழன்

அன்பின் அண்ணா,

தரை நின்றுவிட்டதா? நான் சுகம். சின்னவன் 'கத்துற மாமா எங்கை' என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிறான்.

முதலில் தொட்டது உங்கள் குசினிப் பைப். செருப்பைக் கழற்றின கையோடு நேரே உள்ளே போய், தொட்டிக்குள் கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிட்டேன். எனக்கே தெரியவில்லை. மச்சாள் வந்து பைப்பை மூடி, "இனி ஒண்டைத் தொட்டியெண்டால் கையை முறிப்பன்" என்று என்னைப் பிடித்து ஜன்னல் பக்கக் கதிரையில் இருத்தினா.

துசானி ஒரு கேக்கோடு வந்தாள். பின்னால் இன்னும் ஆறேழு பேர். "அதிபர் அக்கா, உங்கடை பள்ளிக்கூடத்திலை எத்தினை பிள்ளையள்?" மச்சாள் என் முகத்தைப் பார்த்தா. உங்கள் மானம் என் வாயில் நின்றது அண்ணா. எனக்குப் பொய் சொல்லக் களைப்பாக இருந்தது.

"ரெண்டு" என்றேன். "ரெண்டும் இப்ப படகிலை அண்ணாவோடை நிக்குதுகள்."

துசானி கேக்கை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கும் ரெண்டுதான் அக்கா. ஒண்டுக்கு எண்பத்தெட்டு வயசு, மற்றதுக்குத் தொண்ணூத்தொண்டு. ரெண்டும் கடிக்கும்" என்றாள். அந்த அறை சிரித்த சிரிப்பு செஃபலூவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

இடியப்பம் எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் யாரோ என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழும்பிவிடுவேன் என்று பயம்.

இங்கே வந்த பிறகு நிரோசினி உங்கள் மீன் ரோல்சைப் பற்றி இரண்டு தரம் சொன்னாள். வியாழனைப் பற்றி ஒன்றும் இல்லை. போன வியாழன் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் தன்பாட்டில் போய்விட்டது. நேற்றுச் சாப்பாட்டு நேரம் நானே சொன்னேன்: "நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் வெளியாலை போறன்." எங்கே அன்ரி என்றாள். தெரியாது என்றேன். இன்று கிளினிக்குக்குப் போகாமல் வீட்டில் நிற்கிறாள். கோபமா, பிள்ளைகளைப் பார்க்கவா, தெரியவில்லை. பேப்பருக்கு அவள் இன்னும் எழுதித் தரவில்லை. எங்கே போவதென்றும் எனக்கு உண்மையாகவே தெரியாது அண்ணா. இந்த ஊரில் பிள்ளைகளின் பூங்காவையும் கோயிலையும் விட வேறொன்றும் நான் பார்த்ததில்லை.

இரண்டு மணியாகப் போகிறது. கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் இதை அடிக்கிறேன், சப்பாத்துப் போட்டுவிட்டேன். அவள் மாடியால் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. சப்பாத்தைக் கழற்றப் போவதில்லை.

மச்சாளின் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சறோஜா